சாப்பாடு கொடுத்துவிட்ட ஞாயிற்றுக்கிழமை

1

யாழ்ப்பாணத்திலிருந்து பள்ளித் தோழி ஒருத்தி குரல்பதிவு அனுப்பியிருக்கிறாள். போலந்தில் படிக்கும் அவளுடைய மகள், விடுமுறைக்கு முதுகில் ஒரு பையைக் கொழுவிக்கொண்டு தனியே ஊர் சுற்றப் போகிறாளாம். லண்டனுக்கும் வருவாளாம். ஹொஸ்டலில்தான் நிற்பாளாம்.

"எடி, பத்துப் பேர் ஒரே அறையிலை படுக்கிற இடமாம். ஆம்பிளையளும் நிப்பாங்களாம். எனக்கு நெஞ்சு பதறுது. நீ அங்கைதானே இருக்கிறாய், ஒருக்காப் போய்ப் பார். ஏலாட்டி ஆரிட்டையாவது சாப்பாடாவது குடுத்து விடு."

இன்னும் பதில் அனுப்பவில்லை. எழுதுவதும் அழிப்பதுமாக இருக்கிறேன். சாப்பாடு கொடுத்துவிடச் சொல்லிக் கேட்டால் மறுக்கிற ஆள் நானில்லை. லண்டனுக்கு வந்த காலம் தொட்டு என் சமையலறையிலிருந்து எத்தனையோ பார்சல்கள் போயிருக்கின்றன, பிள்ளை பெற்றவளுக்கு, புதிதாக விசா எடுத்து வந்த பெடியனுக்கு, செத்த வீட்டுக்கு. ஐஸ்கிரீம் டப்பாவில் கறியை ஊற்றி, கடைப் பையால் இரண்டு முறை சுற்றி, அந்தப் பக்கம் போகும் எவரிடமாவது கொடுத்துவிட்டால் அது போய்ச் சேரும். தமிழர் இருக்கும் ஊரில் தபாலை விட நம்பிக்கையான ஏற்பாடு இது என்று பெருமையாகச் சொல்லித் திரிந்தவள் நான்.

இப்போது அந்த நம்பிக்கை எனக்கில்லை. அதற்கான காரணத்தைக் குரல்பதிவில் சொல்லி முடிக்க முடியாது. என் அக்காவின் மகள் மெலனியை ஒருவன் தேடித் திரிகிறான். அவன் கையில் அவள் அகப்படக் கூடாது என்பதுதான் இன்றைக்கு எங்கள் வீட்டின் ஒரே கவலை. பிள்ளைகளைத் தனியே பயணம் அனுப்பும் தாய்மார் ஊரில் இன்னும் பலர் இருப்பீர்கள் என்பதால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

2

மெலனி ஜெர்மனியில் பிறந்து வளர்ந்தவள். வேலையை விட்டுவிட்டுக் கோடை முழுக்க ஒவ்வொரு நகரமாகத் திரிந்தாள். மலிவான பஸ், மலிவான கட்டில், உடுப்பு உலர்த்த ஒரு கயிறு. ஒவ்வொரு நகரத்துக்கும் அக்கா எனக்குத் தொலைபேசி எடுத்து அழுவாள். கடைசியில் லண்டன் என்றதும் அக்காவின் அழுகை கோபமாக மாறியது. "சித்தி வீடு இருக்க ஹொஸ்டலிலையோ? சனம் என்னெண்டு நினைக்கும்?"

எனக்கும் கோபம்தான். ஒளிக்க வேண்டியதில்லை. சொந்தப் பிள்ளை லண்டனுக்கு வந்து வாடகைக் கட்டிலில் படுத்தால், ஒன்றில் நாங்கள் சண்டை, அல்லது எங்கள் வீட்டு அடுப்பு எரிவதில்லை என்றுதான் கதை போகும். இவர் பாவம், மெலனி வருகிறாள் என்று மேல் அறையைக் கூட்டித் துடைத்து, புது விரிப்பும் வாங்கி வைத்திருந்தார். அந்த விரிப்பு உறை பிரிக்காமல் கிடந்தது.

அழைத்துவரலாம் என்று ஒருநாள் நானே போனேன். தென் லண்டனில் நாங்கள் இருக்கும் மிச்சம் என்ற ஊரிலிருந்து ட்ராமில் விம்பிள்டன், அங்கிருந்து ரெயின், பிறகு இன்னொரு ரெயின், கிங்ஸ் க்ரொஸ் பக்கம் ஒரு பழைய கட்டடம். வரவேற்பு மேசையில் மூக்கில் வளையம் போட்ட ஒரு பெடியன். மெலனியின் பெயரைச் சொன்னேன். அப்படி ஒருவர் இங்கே தங்கியிருக்கிறாரா இல்லையா என்று சொல்ல முடியாது என்றான். நான் அவளுடைய சின்னம்மா என்றேன். மன்னிக்கவும் என்றான். நான் சொல்லச் சொல்ல அவனுடைய மரியாதை கூடிக்கொண்டு போனதே தவிர, பதில் வரவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் தமிழிலேயே நாலு வார்த்தை சொன்னேன். அதற்கும் தாங்க்ஸ் என்றான்.

மெலனியே இறங்கி வந்து சிரித்தாள். மேலே விருந்தாளிகளை விட மாட்டார்களாம், பொதுச் சமையலறை வரைக்கும்தான். பெரிய குளிர்ப்பெட்டி, ஒவ்வொரு பைக்கும் பெயரும் திகதியும் ஒட்டியிருந்தது. ஊரை விட்டுப் போகிறவர்கள் மிச்ச அரிசி, பாஸ்தா, பாதி எண்ணெய்ப் போத்தல் எல்லாவற்றையும் வைத்துவிட்டுப் போக ஒரு தட்டு. பிரேசில் வாத்தியார் ஒருத்தி முட்டை பொரித்துக்கொண்டு எனக்கும் ஒன்று வேண்டுமா என்று கேட்டாள். நான் யார், எந்த ஊர், மெலனிக்கு என்ன முறை என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. அதுவே எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

கொழும்பில் விசாவுக்காகக் காத்திருந்த காலத்தில் நான் லொட்ஜில் தங்கியிருக்கிறேன். அங்கே எல்லாரும் எல்லாவற்றையும் கேட்பார்கள். யாருடைய மகள், ஏன் வந்தாய், எப்போது போவாய். கேட்டு வைத்துக்கொண்டு மனேஜர் பொலிசுக்குச் சொல்வார். வாசலில் ஜீப் நின்றால் எங்கள் அறையில் ஒருவரும் மூச்சு விடமாட்டோம். தங்கியிருப்பவளைப் பற்றி வாய் திறக்காத ஒரு விடுதி உலகத்தில் இருக்கும் என்று அப்போது எவராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். அன்றைக்கு அது எனக்கு அவமானமாகத்தான் பட்டது. சும்மா சொல்லக் கூடாது, அந்த மூக்கு வளையத்துப் பெடியனை ட்ராமில் திரும்பும் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன்.

3

அடுத்த வாரம் மெலனி மிச்சத்துக்கு வந்து சாப்பிட்டாள். இடியப்பத்தைக் கையால் பிசைந்து சாப்பிடுகிற விதத்தில் அக்காவை அப்படியே உரித்து வைத்திருந்தாள். இவர் வேலைக்குப் போயிருந்தார். என் மகன் ஜெரோம் மட்டும் வீட்டிலிருந்தான். அவனும் அவளும் ஆங்கிலத்தில் குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே வந்தால் நிறுத்தினார்கள். பிள்ளைகள் எங்களிடமிருந்து விலகிப் போவதற்கு ஆங்கிலம்தான் காரணம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்களுக்குத் தெரியக் கூடாதது ஒன்று இருப்பதும் காரணமாகலாம் என்று தோன்றவில்லை.

"என்ன பிள்ளை, ஒரு கிழமையாவது இஞ்சை நில்லன்" என்றேன்.

"ஏலாது சித்தி."

"ஏன் ஏலாது? ஆரும் ஏதும் சொன்னவையோ?"

கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, சனிக்கிழமைப் பள்ளியில் படித்த தமிழில் ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடிச் சொன்னாள். ஒரு பெடியன். தமிழ்ப் பெடியன்தான், லண்டனில் இருப்பவன். உறவுக்காரர் கலியாணம் ஒன்றில் பழக்கம். முதலில் நல்லவனாக இருந்தான். பிறகு அவளுடைய தொலைபேசியைப் பார்க்கத் தொடங்கினான். யாரோடு பேசினாய், ஏன் சிரித்தாய். ஒருநாள் அறைக்குள் வைத்துப் பூட்டினான். "நான் விட்டிட்டன் சித்தி. அவன் விடேல்லை." ஒவ்வொரு நகரத்திலும் அவள் படம் போட்டால், அந்த இடத்தில் மழையா வெயிலா என்று அவனிடமிருந்து செய்தி வருமாம். படம் போடுவதை நிறுத்தினாள். அதன் பிறகும் ஒரு முறை வந்ததாம்.

"அப்ப ஏன் பிள்ளை அவன் இருக்கிற ஊருக்கே வந்தனி?"

"நான் எந்த ஊரைப் பாக்கிறது எண்டு அவன் சொல்ல ஏலாது" என்றாள். "ஹொஸ்டலிலை பத்துப் பேர் இருக்கினம். ஒருத்தருக்கும் என்னைத் தெரியாது. கேட்டாலும் அவையள் சொல்ல மாட்டினம். சித்தி வீடு எண்டால் அவன் கண்டுபிடிச்சிடுவான்."

பெயரைக் கேட்டேன். சொல்லவில்லை.

"பேர் சொன்னா நீங்கள் விசாரிப்பீங்கள். ஆற்றை மகன், எந்த ஊர் எண்டு. அது ஓடிப் போய் அவனிட்டைச் சேரும்."

அவள் சொன்னதில் பிழையில்லை. விசாரிக்காமல் என்னால் இருந்திருக்க முடியாது. சித்தப்பாவிடமும் சொல்ல வேண்டாம் என்று வாக்கு வாங்கிக்கொண்டு போனாள். ஜெரோம் பஸ் வரைக்கும் கூடப் போனான்.

4

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு முதியோர் இல்லத்தில் பகல் ஷிப்ட். விடிய எழும்பி புட்டு அவித்து, ஆட்டிறைச்சிக் கறி வைத்து, டப்பாக்களில் அடைத்து இவரிடம் கொடுத்தேன். தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்ததும் கிங்ஸ் க்ரொஸ் போய் மெலனியைக் கீழே கூப்பிட்டுக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஹொஸ்டலின் பெயரையும் சொன்னேன். வேறொன்றும் சொல்லவில்லை.

வேலை முடிந்து வர, இவர் கதிரையில் கால் நீட்டி உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை என்ன சொன்னாள்?"

"நான் போகேல்லை. முழங்கால் நோகுது. எங்கடை அன்ரன் அந்தப் பக்கம்தான் வேலையாம். அவனிட்டைக் குடுத்து விட்டனான்."

"எந்த அன்ரன்?"

"பூசை முடியக் கதிரை அடுக்கிற பெடியன். ஒரு ஆறு ஏழு மாசமா வாறான். தகப்பன் பருத்தித்துறை, தாய் இளவாலை. தாயின்ரை தமையன் எங்கடை பள்ளிக்கூடத்திலை படிப்பிச்சவர். தங்கமான பெடியன். அவனாத்தான் கேட்டவன், அங்கிள், மிச்சத்திலை இருந்து அவ்வளவு தூரம் ஏன் அலையிறியள் எண்டு."

இவரைக் குறை சொல்லி என்ன? ஊர் கேட்டிருக்கிறார், தகப்பன் பெயர் கேட்டிருக்கிறார், தாய்மாமன் வரைக்கும் போயிருக்கிறார். ஒருவனை நம்புவதற்கு எங்கள் ஆட்கள் வேறென்ன கேட்பார்கள்? நானாக இருந்தாலும் அவ்வளவையும்தான் கேட்டிருப்பேன். ஆனாலும் அந்த ஆறு ஏழு மாதக் கணக்கை என்னால் தள்ளிவிட முடியவில்லை. மெலனி அந்தப் பெடியனை விட்டதாகச் சொன்னதும் அந்தக் காலம்தான்.

மெலனிக்கு எடுத்தேன். நல்ல காலம், எடுத்தாள். சாப்பாடு வருகிறது, கோயில் பெடியன் ஒருவன் கொண்டு வருகிறான் என்று மெதுவாகத்தான் சொன்னேன்.

"என்ன பேர்?"

"அன்ரன்."

"புருவத்திலை வெட்டுக் காயம் இருக்கோ?"

தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு இவரிடம் கேட்டேன். "ஓம், இடப் பக்கம். சின்ன வயசிலை சைக்கிளாலை விழுந்ததாம்" என்றார். அதையும் கேட்டு வைத்திருக்கிறார் மனிதன்.

ஓம் என்று சொன்னேன். மெலனி ஜெர்மனில் ஏதோ சொன்னாள். இணைப்பு அறுந்தது.

5

வாடகைக் காரில் போகும்போதுதான் இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாக்காவது மண்ணாவது. இவர் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு வந்தார். ஜெரோமுக்கு எடுத்தால் அவன் எடுக்கவில்லை.

ஹொஸ்டல் வாசலுக்குள் நுழைந்ததும் முன் சோபாவில் அன்ரன் இருந்தான். வெள்ளைச் சேட்டு, தலை வாரி, மடியில் என் பார்சல். எங்களைக் கண்டதும் எழும்பினான்.

"அன்ரி, நீங்கள் ஏன் வந்தனீங்கள்? நான் குடுத்திருப்பனே. இவங்கள் சரியான ரூல்ஸ்காரர். எவ்வளவு கேட்டும் ஆள் நிக்கிறாவோ இல்லையோ எண்டே சொல்லுறாங்கள் இல்லை." சிரித்தான். நல்ல சிரிப்பு. அவனை வெறுக்க வேண்டும் என்று வந்த எனக்கே ஒரு கணம் பதில் சிரிப்பு வரப் பார்த்தது. எனக்கு மிகவும் பயமாக இருந்தது அப்போதுதான்.

மேசையில் அதே மூக்கு வளையத்துப் பெடியன். என்னைப் பார்த்தான். தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை. நான் அவனை எவ்வளவு திட்டியிருந்தேன் என்று நினைக்க வெட்கமாக இருந்தது.

"உமக்கு அவளிட்டை என்ன வேணும்?" என்று அன்ரனைக் கேட்டேன்.

"கதைக்க வேணும் அன்ரி. ஒருக்காக் கதைச்சாச் சரி. அவவுக்கு என்னிலை கோவம், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. நீங்கள் பெரிய ஆக்கள், நீங்கள் முன்னாலை இருந்து கதைச்சு விடலாம்தானே?"

இவர் அவன் தோளில் கை வைத்தார். "தம்பி, பிள்ளை விருப்பமில்லை எண்டு சொன்னா விட வேணும்."

"விடுறதுக்கு நான் ஒண்டும் பிடிச்சு வைக்கேல்லையே அங்கிள்" என்றான். குரலை உயர்த்தவே இல்லை. பார்சலை இரண்டு கையாலும் எடுத்து என்னிடம் நீட்டினான். "ஆறிப் போச்சு. சூடாக்கிக் குடுங்கோ." பிறகு எங்கள் இருவருக்கும் வணக்கம் சொல்லிவிட்டுப் போனான்.

மெலனி அதற்கு முன்பே போய்விட்டிருந்தாள். அவளுடைய அழைப்பு வந்ததும் ஜெரோம் தன் வேலையிலிருந்து நேரே போய், சமையலறைப் பக்க வாசலால் அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் நிலையம் சேர்ந்திருக்கிறான். இரவு சாப்பிடும்போது இவ்வளவு மட்டும் சொன்னான்: "ஷீ இஸ் சேஃப், அம்மா. எங்க எண்டு கேக்காதீங்க."

பொலிசுக்கு எடுத்தேன். மறுமுனையில் ஒரு பெண், பொறுமையாகத்தான் கேட்டாள். அவன் மிரட்டினானா? இல்லை. தொட்டானா? இல்லை. உள்ளே போக முயன்றானா? இல்லை. என்ன செய்தான்? சாப்பாடு கொண்டு போய் வாசலில் உட்கார்ந்திருந்தான். சாப்பாட்டை அவனிடம் யார் கொடுத்தது? நாங்கள். அவள் எழுதிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. மெலனியே பேசினால் நடவடிக்கை எடுக்க வழியிருக்கிறது என்று சொல்லி ஒரு இலக்கம் தந்தாள். மெலனி பேசவும் செய்தாள். விசாரிக்கிறார்களாம். அன்ரன் அடுத்த ஞாயிறும் வந்து கதிரை அடுக்கினான்.

கோயிலில் இரண்டு பேரிடம் சொல்லிப் பார்த்தேன். ஒருத்தி, "பெடியன் பாவம், உருகிறான் போல" என்றாள். மற்றவர், பேசிக் கலியாணம் செய்து வைத்தால் என்ன என்று கேட்டார்.

6

ஆகவே தோழி, உன் மகள் வரட்டும். அவளாக என் வீட்டுக்கு வந்தால் வயிறு நிறையப் போட்டு அனுப்புகிறேன். யாரிடமும் கொடுத்துவிட மாட்டேன். அவள் எந்த ஹொஸ்டலில் நிற்கிறாள் என்று எனக்கும் சொல்லாதே. இப்படித்தான் பதில் எழுதி வைத்திருந்தேன், போன வியாழக்கிழமை வரைக்கும்.

மெலனி எங்கே என்று ஜெரோமுக்கும் அக்காவுக்கும் மட்டும்தான் தெரியும் என்று ஏற்பாடு. அக்காவுக்கு எல்லாவற்றையும் விளங்கப்படுத்தியிருந்தோம், மாதா மேல் சத்தியமாக வாய் திறக்க மாட்டேன் என்றாள். எனக்கு வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். தெரியாதவளிடமிருந்து எதையும் பிடுங்க முடியாது. அந்த எண்ணத்தில் கொஞ்ச நாள் நன்றாகத் தூங்கினேன்.

வியாழன் பின்னேரம் மணி அடித்தது. கதவைத் திறந்தால் அன்ரன்.

"அங்கிளின்ரை முழங்கால் எப்பிடி அன்ரி? பூசையிலை காணேல்லை."

நான் கதவைப் பிடித்துக்கொண்டு வாசலை மறித்து நின்றேன். உள்ளே வா என்று சொல்லவில்லை, தேத்தண்ணி குடிக்கிறாயா என்று கேட்கவில்லை. வாழ்நாளில் ஒரு தமிழரை நான் இப்படி நிறுத்தியதில்லை. உடம்பெல்லாம் கூசியது. அவனுக்கும் அது விளங்கியது. கோபிக்கவில்லை.

"பரவாயில்லை அன்ரி, நான் போறன். மெலனியைத்தான் நினைச்சனான். போர்த்துக்கல்லிலை இந்தக் கிழமை முழுக்க மழையாம். ஒரு நல்ல ஜக்கெட்டும் அவவிட்டை இல்லை."

படலையைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு நடந்தான்.

மாடிக்கு எப்படி ஏறினேன் என்று தெரியாது. ஜெரோம் கணினிக்கு முன்னால் இருந்தான். "மெலனி போர்த்துக்கல்லிலையோ?" என்றேன். காதில் கொழுவியிருந்ததைக் கழற்றினான்.

"ஆர் சொன்னது?" என்றான்.

சொன்னேன். அவன் உடனே மெலனிக்கு அழைக்கத் தொடங்கினான். நான் என் தொலைபேசியில் அக்காவைப் பிடித்தேன். ஆருக்கடி சொன்னனீ என்று கத்தினேன்.

"நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை" என்று அக்கா அழத் தொடங்கினாள். "செபமாலையிலை மட்டும்தான் கேட்டனான். போர்த்துக்கல்லிலை தனிய நிக்கிற என்ரை பிள்ளைக்காக மன்றாடுங்கோ எண்டு. அது மாதாவிட்டைத்தானே?"

அந்தச் செபமாலை எனக்குத் தெரியும். பின்னேரங்களில் கணினியில் கூடுகிற கூட்டம். ஜெர்மனி, கனடா, லண்டன் என்று எல்லா இடத்து ஆட்களும் வருவார்கள். பாதிப் பேர் முகம் காட்ட மாட்டார்கள். பெயர் மட்டும் எழுதிய கறுப்புக் கட்டங்கள். அவற்றில் எத்தனை அன்ரன் என்று யார் பார்த்தார்கள்?

முதல் அழைப்பை மெலனி எடுக்கவில்லை. இரண்டாவதை எடுத்தாள். பின்னால் சட்டி சத்தமும் ஆட்கள் சிரிக்கும் சத்தமும் கேட்டன. ஹொஸ்டல் சமையலறையாக இருக்க வேண்டும். ஜெரோமின் கையிலிருந்து தொலைபேசியை வாங்கினேன்.

"பிள்ளை, இப்பவே வெளிக்கிடு. அவனுக்குத் தெரிஞ்சு போச்சு. முதல் அங்கை உள்ள பொலிசுக்குச் சொல்லு. பிறகு எங்கை போறாய் எண்டு எங்களிலை ஒருத்தருக்கும் சொல்லாதை. எனக்கும் சொல்லாதை, ஜெரோமுக்கும் சொல்லாதை."

அங்கே சிரிப்புச் சத்தம் தூரமாகப் போனது. அவள் நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று நினைக்கிறேன்.

"அம்மாவுக்கு?" என்றாள்.

அக்கா மற்றத் தொலைபேசியில் இன்னும் அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கும் கேட்கும்படியாகவே சொன்னேன்.

"அம்மாவுக்கும் சொல்லாதை."